லிஃப்டைப் பற்றி ஒரு வரி இல்லை

ஏப்ரல் 4

என் மனைவிக்கு,

இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் இதற்குள் புகார் வந்திருக்கும்.

போனில் பேசினால் மழுப்புவேன், எதுவானாலும் எழுத்தில் வேண்டும் என்று விமான நிலையத்தில் நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பினாய். சரி, எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இதுவும் ஒரு வேலை.

வீடு பிரமாதம். போன வருடம் நாம் இருவரும் வந்து பார்த்தபோது இருந்ததைவிட இப்போது இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். படுக்கையறை ஜன்னலைத் திறந்தாலும் கடல்தான், கொஞ்சம் கழுத்தை வளைக்க வேண்டும். காற்று அருமை, தண்ணீர் அருமை, ரொட்டிக் கடை பக்கத்திலேயே. தெருவில் ஹாரன் அடிக்கிறவன் ஒருவன் கிடையாது. நம் தெருவில் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் கழுதைக் கச்சேரியை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கமானவர்கள். மூன்றாம் மாடியில் ஒரு தபால்காரர் இருக்கிறார். நான் கடைக்குப் போய் வந்தால் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு போய் நம் வாசலில் வைத்துவிடுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த ஊர் பாஷையில் இருபது சொற்கள் வந்திருக்கின்றன, இருபதும் நல்ல சொற்கள். நன்றி, அழகு, ருசி, பரவாயில்லை. புத்தகத்தில் முதல் பக்கத்தில் அவைதான் இருக்கின்றன. அதனால் நான் ஒரு சாது என்று கட்டடம் முழுக்கப் பேச்சு.

ஆகவே குழம்பாதே. ஜூன் முப்பதாம் தேதி பத்திர அலுவலகத்துக்குப் போ. என் பங்குக்குப் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. நம் வீட்டை வாங்குகிறவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள், எல்லாமே நன்றாகப் போகும் என்று இன்னும் நம்புகிறவர்கள். சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறு. மிச்சக் காலத்தைக் கடலைப் பார்த்துக் கழிப்போம்.

உன் கணவன்


ஏப்ரல் 15

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆசையில் இல்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் அடுத்தவன் எழுதிய கிளெய்ம் கடிதங்களைப் படித்துப் பிழைத்தவள் நான் என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். உள்ளதை எழுதுகிறவன் ஒரு சொல்லோடு நிறுத்துவான். பிரமாதம், அருமை, அருமை, தங்கம் என்று அடுக்குகிறவன் மேஜைக்கு அடியில் எதையோ காலால் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

இங்கே நிலவரம் இது. அக்கா தினமும் வருகிறாள். "இந்த வயசுல எங்கடி போற? செத்தா தூக்க நாலு பேர் தெரியாத ஊருக்கா?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். அழுதுகொண்டே என் பீரோவைத் திறந்து, எதை அவளுக்கு விட்டுவிட்டுப் போவேன் என்று பார்க்கிறாள். அவள் வீட்டுக்காரர், உங்கள் சகலை, இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்? வழியனுப்பு விருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சகலை சொன்ன யோசனையில ஒண்ணையாவது கேட்டிருந்தா நான் இன்னைக்கு ஜெயில்ல இருந்திருப்பேன்" என்றீர்கள். அவர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அதோடு விட்டீர்களா? கீழ்வீட்டுப் பல் டாக்டர், உங்கள் ஆபீஸ் மேலாளர், என் தோழி, ஒருவர் பாக்கி இல்லாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வைத்திருந்தீர்கள். நீங்கள் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். அந்த முகங்களைத் தினமும் பார்ப்பது நான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஜன்னல் இருக்கிறது, ரொட்டிக் கடை இருக்கிறது, ஹாரன்கூட இருக்கிறது. லிஃப்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர் நீங்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட அந்தக் கட்டடத்து லிஃப்டின் கயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர். போன வருடம் அந்த நான்காம் மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது புரோக்கர் எனக்குப் பால்கனியைக் காட்டிக்கொண்டிருந்தான். நீங்கள் மொட்டை மாடியில் மெஷின் அறைக்குள் ஒரு மணி நேரம் காணாமல் போய், இரண்டு கையும் கிரீஸாகத் திரும்பி வந்து, "இதையே முடிச்சிடலாம்" என்றீர்கள். கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, எழுபது வருடத்து மோட்டார். நீங்கள் வாங்கியது லிஃப்ட். வீடு அதோடு வந்தது.

அப்படிப்பட்டவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தபால்காரர் ஏன் உங்கள் பையைத் தூக்குகிறார்? லிஃப்ட் ஓடுகிற கட்டடத்தில் பை தூக்க ஆள் எதற்கு? என் முட்டி இரண்டும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பதில் எழுதவும். சுருக்கமாக.

உங்கள் மனைவி, இன்றைய தேதி வரை


ஏப்ரல் 26

என் மனைவிக்கு,

எல்லாவற்றிலும் நோண்டிப் பார்க்கிற புத்தி உன்னை விட்டுப் போகாது. லிஃப்ட் இப்போதைக்கு நிற்கிறது. சின்னப் பராமரிப்பு. அதிகம் போனால் இரண்டு வாரம். நீ வருவதற்குள் ஓடிவிடும். இதை ஒரு விஷயம் என்று எழுத வேண்டாமே என்று விட்டேன், அவ்வளவுதான்.

படிக்கட்டும் ஒன்றும் மோசமில்லை. அகலமான படி, கைப்பிடி உறுதி. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலிகூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கவனிப்பு அங்கே உண்டா? அங்கே படிக்கட்டில் நாற்காலி போட்டால் மறுநாள் அது பல் டாக்டரின் வரவேற்பறையில் இருக்கும்.

எதிர் வீட்டில் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பது வயது, தனிக்கட்டை, அருமையான மனிதர். தினமும் அவருக்கும் சேர்த்து நான்தான் ரொட்டி வாங்கி வருகிறேன். என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொல்கிறார். நான் "அழகு" என்கிறேன். அவருக்குச் சந்தோஷம்.

உன் அக்கா அழுவதைக் கேட்டு மனசை மாற்றிக்கொள்ளாதே. அந்த நீலக் கல் மோதிரத்தைக் கொடுத்துப் பார், கண்ணீர் நிற்கும்.

உன் கணவன்


மே 7

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

மோதிரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கண்ணீர் நின்றது. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

மற்றதற்கு வருகிறேன். படிக்கட்டில் யாரும் அழகுக்காக நாற்காலி போட மாட்டார்கள். நீங்கள் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறீர்கள், பார்த்தவர்கள் பரிதாபப்பட்டுப் போட்டிருக்கிறார்கள். சரியா? அந்தச் சமையல்காரருக்கு நீங்கள் ரொட்டி வாங்கிக் கொடுப்பது தர்மத்துக்காக இல்லை. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அந்த மனிதர் கீழே இறங்க முடியாமல் கிடக்கிறார். இதுவும் சரியா?

எல்லாம் எழுதினீர்கள், லிஃப்டை நிறுத்தியது யார் என்று எழுதவில்லை. எங்கள் ஆபீஸுக்கு வந்து, "மேடம், நான் போய்ப் பார்த்தப்ப கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு" என்று சொன்னவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடைத்தவர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? போய் இறங்கிய முதல் வாரமே பெட்டியைக்கூடப் பிரிக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஏறியிருப்பீர்கள். எதையாவது கண்டுபிடித்திருப்பீர்கள். கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உங்களுக்குத் தெரியாது.

அறிக்கை எழுதினீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதி அனுப்பவும். ஒரு தபால் தலை போதும்.

பின்குறிப்பு: வீடு வாங்குகிற பெண் நேற்று வந்து சுவரை அளந்துவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, நீங்க ரொம்ப லக்கி, வெளிநாட்டுல கடலைப் பார்த்துக்கிட்டே செட்டில் ஆகப் போறீங்க" என்றாள். காபி கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது?


மே 18

என் மனைவிக்கு,

ஆமாம்.

ஒரே சொல் போதும் என்றாய், ஆனாலும் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பிரேக் பட்டை பிளேடு கனத்துக்குத் தேய்ந்திருந்தது. மூன்று பேர் ஏறினால் பெட்டி மாடியில் நிற்காமல் நான்கு விரல் கீழே சறுக்கிவிட்டுத்தான் நின்றது. போன வருடம் பார்த்தபோது ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பாய். மோட்டாரைப் பார்த்து மயங்கிவிட்டேன். வேலையில் இருந்திருந்தால் இதற்கே எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

நகராட்சிக்கு எழுதினேன். பாஷை தெரியாதே, அதனால் படம் வரைந்தேன். அளவு போட்டேன். நம் ஆபீஸ் படிவத்தில் எப்படி இருக்குமோ அதே வரிசையில், கீழே என் கையெழுத்து, பழைய பதவி, முத்திரை. முத்திரையை ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதே.

நம் ஊரில் முப்பத்து நான்கு வருடம் அறிக்கை எழுதினேன். உனக்குத் தெரியும், ஒன்றைக்கூட எவனும் படித்தது கிடையாது. டீ கிளாஸை வைக்கத்தான் அது பயன்பட்டது. இங்கே மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேர் வந்தார்கள். என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி அளந்தார்கள். தலையை ஆட்டினார்கள். கம்பிக் கதவுக்குச் சங்கிலி போட்டு சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் என் அறிக்கையைப் படித்தான், அதுவும் நான் ஓய்வு பெற்று, நானே குடியிருக்கிற நான்காம் மாடியில்.

புதுப் பட்டை இந்த மாடலுக்கு இப்போது யாரும் செய்வதில்லையாம். செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு வாரம் என்று நான் எழுதியது பொய். கட்டடத்தில் யாருக்கும் இது என் வேலை என்று தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பையைத் தூக்குகிறார்கள், நாற்காலி போடுகிறார்கள். நானும் "நன்றி, அழகு" என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறேன். இதைவிடக் கேவலமாக நான் இருந்ததில்லை.

உன் கணவன்


மே 29

உங்கள் கடிதத்தைப் படித்து நன்றாகச் சிரித்தேன். ஊரை விட்டு ஊர் போய், தான் ஏறுகிற லிஃப்டுக்குத் தானே சீல் வைக்க உலகத்தில் ஒரே ஒரு மனிதனால்தான் முடியும். அவனை எனக்குக் கட்டிவைத்தார்கள். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிடும்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கப்பல் சமையல்காரர் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறார். தனியாக, நான்காம் மாடியில், ரொட்டி வருமா என்று கதவைப் பார்த்துக்கொண்டு. அவரை நினைக்க உட்கார்ந்தால் அவர் இடத்தில் நான் இருக்கிறேன்.

இதுவரை முட்டி, படி, லிஃப்ட் என்று எழுதினேன். நானும் மேஜைக்கு அடியில் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் முதலில் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

உங்களுக்கு அறுபத்தேழு வயது. மூன்று மாடி ஏறினால் உட்காருகிறீர்கள். ஒரு நாள் எழுந்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் முழுக்க வந்து என் கையைப் பிடிப்பார்கள், தங்கமானவர்கள் ஆயிற்றே. நானும் நன்றி, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். பெட்டியைக் கோணலாகத் தூக்கிப் படியில் இறக்குவார்கள். "பாருங்க, இதுல கூட இவனுங்களுக்கு ஒழுங்கு தெரியல" என்று சொல்லத் திரும்பினால், சொல்ல வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருப்பார்.

முப்பத்தாறு வருடம் நாம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், வரவேற்பு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டோம். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அந்தக் கல்யாணத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். அதுதான் நம் குடித்தனம். எனக்கு யாரையும் பிடிக்காது. அதைச் சொன்னால் புரிந்துகொள்கிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் போன இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ முட்டாள்தனத்தைப் பார்த்தேன், ஒன்றையும் சொல்ல ஆள் இல்லை. அக்காவிடம் சொல்லலாம் என்றால் பாதிக்கு மேல் அவளைப் பற்றியது.

எனக்கு ஒரு பதில் வேண்டும். சமாதானம் வேண்டாம். அருமை, தங்கம் எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டால் ஜூன் முப்பதாம் தேதி நான் பத்திர அலுவலகத்துப் பக்கமே போகப் போவதில்லை. அந்தப் பெண் அளந்த சுவர் அளந்தபடியே இருக்கட்டும்.


ஜூன் 9

என் மனைவிக்கு,

உனக்கு ஐந்து பதில் எழுதிக் கிழித்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது, திடமாக இருக்கிறேன் என்று ஒன்று. பொய். நாளாக ஆக உனக்குப் பாஷை வந்துவிடும் என்று ஒன்று. முப்பத்தாறு வருடத்தில் என் அம்மாவோடு பேசவே உனக்குப் பாஷை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இன்னொன்று. அதுவும் இனி நடக்காது. காரணம் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று தபால்காரர் அதைக் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் என் பையையும் தூக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரை நிறுத்தி, அறிக்கையின் நகலை எடுத்துக் காட்டினேன். கையெழுத்தைக் காட்டினேன், பிறகு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடி பாட்டு டீச்சர் நான் இறங்கும்போது வழியை மறித்து, பத்து நிமிடம் கத்தினாள். ஒரு சொல் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் இந்த ஊரில் ஒருத்தி என்னைச் சரியாகத் தெரிந்துகொண்டாள் என்று தோன்றியது. நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சமையல்காரர் மட்டும் இன்னும் ரொட்டி வாங்கிக்கொள்கிறார், ஆனால் கையைப் பிடிப்பதில்லை.

உன் கேள்விக்குப் பதில் இது: தெரியாது. நான் முதலில் போனால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நீ முதலில் போனால் நான் என்ன செய்வேன் என்றும் தெரியாது. அங்கேயே இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அங்கே பேச்சு புரிகிற முட்டாள்கள், இங்கே பேச்சு புரியாத முட்டாள்கள். மற்றபடி தனியாக நிற்பது ஒன்றுதான்.

தெரிந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டரை மாதமாகத் தினமும் எதையாவது பார்த்துவிட்டு, "இதைப் பாரேன்" என்று சொல்லப் பக்கத்தில் திரும்புகிறேன். அங்கே யாரும் இல்லை. கடல் இருக்கிறது. கடலைப் பார்த்து எத்தனை நாள் பேசுவது? நீ இல்லாமல் எனக்கு இந்த வீடு பிடிக்கவில்லை.

நீ வரப் பயந்தால் வராதே. கையெழுத்துப் போடாதே. இந்த வீட்டைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு நான் திரும்பி வருகிறேன். சகலை முன்னால் போய் நிற்கிறேன். சொன்னதெல்லாம் தப்பு என்று வேண்டுமானால் மைக்கிலேயே சொல்கிறேன்.

உன் கணவன்


ஜூன் 30

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

இன்று காலை பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் சாவியை வாங்கிக்கொண்டு, கூடத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது அவர்கள் காதில் விழவில்லை.

திரும்பி வருவீர்களாம், மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்பீர்களாம். வேண்டாம். சகலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. அதைப் போய்த் தப்பு என்று சொல்கிற ஒரு மனிதனோடு மிச்சக் காலத்தை ஓட்ட என்னால் முடியாது.

ஜூலை பதினாறாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் கீழ்த்தளத்தில் ஒரு அறை பாருங்கள். ஈரமாக இருக்கும், இருட்டாக இருக்கும், ஜன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டி தெரியும். பரவாயில்லை, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். அந்தப் பாட்டு டீச்சரை எனக்கு முதல் நாளே காட்டுங்கள்.

வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்து வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஆயிரக்கணக்கான கடிதம் படித்தேன், கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டவன் ஒருவன்கூட இல்லை. நீங்கள் போட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பி வருகிறேன்.

இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். பொய் சொல்ல வேண்டியிருந்தால் காத்திருந்து நேரில் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி